கை படாத கூடம்

கட்டைவிரலை எடுக்கக் கூடாது.

எடுத்தால் முப்பது நொடி. அதன்பின் கூரையிலிருந்து தீயணைக்கும் வாயு சீறி இறங்கும். நேற்று கட்டி முடித்த கூடம் ஒரு வாரம் மூடிக் கிடக்கும்.

அவள் சுவரிலிருந்த மஞ்சள் பொத்தானை அழுத்தியபடி நின்றாள். வெறுங்காலோடு. அலாரம் காதைக் கிழித்தது.

தரையில் பித்தளைத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. கற்பூரம் அணைந்துவிட்டது. புகை மட்டும் மிச்சம்.

முதலில் ஓடியவர் முதலாளி.

அரைமணி நேரத்துக்கு முன் இதே இடத்தில் நின்றுதான் பேசினார். பழைய கூடத்தில் சர்வர்களுக்குக் குளிர்காற்று அடித்தோம், இனி அது போதாது. இங்கே ஒவ்வொரு சிப்புக்கும் குழாய் வைத்துத் தண்ணீர் விட்டிருக்கிறோம். ஓர் அலமாரி ஒரு தெருவின் மின்சாரத்தைத் தின்னும். உலகம் கேட்கிற வேகம் அப்படி. ஆள் கை படாமலே எல்லாம் நடக்கும்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

கை படாத கூடத்துக்குக் கற்பூரம் மட்டும் காட்டியே ஆக வேண்டுமாம்.

காலையிலேயே மேலாளர் மகாலிங்கம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூஜை முடியும்வரை ஸ்மோக் டிடெக்டரை நிறுத்திவைக்க அனுமதி. கூடத்தின் பாதுகாப்புப் பொறுப்பு அவளுடையது; கீழே அவள் கையெழுத்து வேண்டும்.

அவள் போடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் பழைய கூடத்தில் இதே பொறுப்பில் இருந்த சூசைராஜ் போட்டார். நிறுத்திய டிடெக்டரை மறுபடி போட மறந்தவர் மகாலிங்கம். வேலை போனது சூசைராஜுக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கையெழுத்து இல்லை, அதனால் டிடெக்டர் நிற்கவில்லை. அது தெரிந்தும் மகாலிங்கம் கற்பூரத்தை ஏற்றினார். சின்னக் கட்டிதானே, ஒன்றும் ஆகாது என்றார். முதலாளியிடம் முடியாது என்று சொல்வதைவிட நெருப்போடு விளையாடுவது அவருக்குச் சுலபம்.

இப்போது வாசலில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பட்டு வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார். மறு கையில் அதே பதிவேடு.

"விட்றாதம்மா. அப்படியே பிடிச்சுக்க."

பதிவேட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடும்மா. ஒன்பதரைன்னு டைம் போட்டுடு."

ஒன்பதரைக்கு அனுமதி கொடுத்தவள், டிடெக்டரை நிறுத்த மறந்தவள். எல்லாம் அவளாகிவிடுவாள். சூசைராஜ் போன வழியில் அவளும் போகலாம்.

எல்லோரையும் ஓடவிட்டு, தனியாக நிற்கிறாளே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

"கை ஒழியலை சார்."

"இடது கையால கிறுக்கினாப் போதும்."

"ஆடிட்ல கேப்பாங்க சார். நீங்க ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க. நல்லா போட்டுத் தர்றேன்."

அவர் கூரையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

வந்தார்.

அவள் தன் விரலுக்குக் கீழே அவர் விரலை நுழைத்து, தன்னுடையதை மெல்ல உருவினாள்.

"எடுத்துடாதீங்க சார்."

பதிவேட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கடிகாரத்தைப் பார்த்து, பத்து நாற்பத்திரண்டு என்று எழுதினாள். அனுமதித்தவர் என்ற கட்டத்தை அப்படியே விட்டாள். உள்ளே இருப்பவர் என்ற கட்டத்தில் மகாலிங்கம் என்று முத்து முத்தாக எழுதினாள்.

அலாரத்தை நிறுத்தும் சாவி அவள் கழுத்து அட்டையோடு தொங்கியது. முற்றத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பெட்டியில் அதைப் போட்டுத் திருப்பினால்தான் அவர் விரலை எடுக்கலாம்.

"எவ்வளவு நேரம்மா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவ்வளவு தூரம் வெறுங்காலோடு எப்படிப் போவது? முதலாளி ஓடிய ஓட்டத்தில் அவளுடைய ஒரு செருப்பை எங்கோ எற்றிவிட்டிருந்தார்.

அவள் குனிந்து, நிதானமாகத் தேட ஆரம்பித்தாள்.