வியாழக்கிழமை ரொட்டி

"ரொட்டி மாவு பிசைஞ்ச கையோட உள்ள வந்தது யாரு?"

டாக்டர் எவரிஸ்டோ போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே அடங்கிப்போனது.

அங்கே ஆராய்ந்தது காபித் தோட்டக் கூலிகளின் நுரையீரலை அரிக்கும் ஒரு பூஞ்சையை. கைட்டின் என்ற கெட்டிப் பொருளால் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்வது அது. மனித உடம்பில் அந்தச் சுவரும் இல்லை, அதைக் கட்டும் நொதியும் இல்லை. நொதியை முடக்கினால் பூஞ்சை மட்டும் சாகும். அதற்கான மருந்தை வியாழக்கிழமைதான் முப்பது பூஞ்சைத் தட்டுகளில் வைத்திருந்தார்கள். இன்று திங்கள். முப்பதிலும் ரொட்டி ஈஸ்ட் பொங்கிக் கிடந்தது.

"மூணு மாச உழைப்பு! மாவைத் தொட்ட அன்னைக்குப் பூஞ்சை வளர்ப்பறைக்குள்ள வராதேன்னு எழுதியே ஒட்டியிருக்கேனே!"

"எனக்கு முட்டை பொரிக்கவே வராது டாக்டர்," என்றாள் மாணவி தைனாரா, அழாக்குறையாக.

"நான்தான் டாக்டர்."

ஆய்வுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் ஜெனைடி திரும்பாமலே சொன்னாள். "வியாழக்கிழமை காலையில வீட்ல ரொட்டி சுட்டேன். மறந்துட்டு வந்துட்டேன்."

பத்தொன்பது வருஷமாக வளர்ப்பறையைக் கட்டிக் காத்தவள்.

"உங்களைப் போய் நம்பினேனே! சாவியைக் குடுங்க. இனிமே அந்தப் பக்கம் வரவேண்டாம்."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். "மருந்தை மட்டும் விட்டுடாதீங்க டாக்டர். நாளைக்கே புதுத் தட்டு ஊத்திடலாம்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எவரிஸ்டோவுக்கு உறுத்தியது. அதிகமாகப் பேசிவிட்டோமோ? ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதானே?

வீட்டுக் கதவைத் திறந்ததும் ரொட்டி வாசனை. ஐந்து மாதம் படுக்கையில் கிடந்த மனைவி ஒதீலியா அடுப்படியில் நின்றிருந்தாள்.

"வந்தாச்சா? இன்னைக்கு நானே தனியா பிசைஞ்சேன், தெரியுமா? வியாழக்கிழமை மாதிரி நீ தாங்கிப் பிடிக்க வேண்டி வரல. அன்னைக்கு முழங்கை வரைக்கும் மாவு, அப்படியே வேலைக்கு ஓடினியே!"

எவரிஸ்டோ தன் கைகளைப் பார்த்தார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் துவைக்கப் போட அவர் கோட்டை வாங்கிய ஜெனைடி, அதன் கையில் ஒட்டியிருந்த மாவை உதறிவிட்டு, "வீட்டம்மா எழுந்துட்டாங்களா டாக்டர்?" என்று சிரித்தது நினைவுக்கு வந்தது.

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார்.

"ஜெனைடி, வியாழக்கிழமை நீங்க நிஜமாவே ரொட்டி சுட்டீங்களா?"



"வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா டாக்டர்?"

"இருக்கா."

"அப்ப போனை வெச்சுட்டுச் சாப்பிடுங்க. சூடு ஆறிடப்போகுது."