எடைக்கு ஆள்

“உங்கள நான் ஏமாத்திட்டேன் பாய். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

கட்டிலில் சாய்ந்திருந்த அப்துல் கய்யூம் நிமிர்ந்து பார்த்தார். மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் அவர் மேஸ்திரியாக இருந்தபோது வேலை செய்த பாஞ்சாலி. அவர் படுக்கையில் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, பதினைந்து வருஷம் கழித்து, திருவல்லிக்கேணிச் சந்தில் வீட்டை விசாரித்து வந்திருந்தாள்.

என்ன ஏமாற்று என்று சொல்வதற்குள் பேச்சு பழைய நாட்களுக்குப் போனது.

மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. படகில் வரும் செங்கலைக் கரையேற்ற, சரிவில் பலகை பதித்து, சக்கரமில்லாத இரண்டு மரத்தட்டுகளை விட்டிருந்தார்கள். இரண்டையும் பிணைத்த கயிறு மேலே ஓர் உருளையில் ஓடும். மேல்தட்டில் ஆள் உட்கார்ந்தால் அது கீழே சறுக்கும். செங்கல் ஏற்றிய தட்டு மேலே வரும். இறங்கியவர் படியேறி வந்து மறுபடி உட்கார வேண்டும். பாதிச் சரிவில் தட்டுகள் ஒன்றையொன்று கடக்கும்போது ஈரச் செங்கல் வாசனை முகத்தில் அடிக்கும். இப்போதும் எங்காவது வீடு கட்டினால் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவதாகச் சொன்னாள் பாஞ்சாலி.

“உன் கொழந்த தூளில கெடக்கும். ஒவ்வொரு தபா மேல வரச்சொல்ல ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போவே” என்றார் கய்யூம்.

“அவளுக்கு இப்ப கல்யாணம் பேசிக்கினு கீறோம். அன்னிக்கு அந்த வேல இல்லன்னா அவ ஏது பாய்?”

புருஷன் வாந்திபேதியில் இறந்த மாதம்தான் அவள் வேலை கேட்டு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முதல் நாள் அவள் உட்கார்ந்ததும் தட்டு பலகையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கய்யூம் சிரிக்கவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தட்டு சறுக்கியது. அந்த வருஷம் முழுக்கச் சறுக்கியது.

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள். “மடியில நாலு செங்கல்லு கட்டிக்கினு உக்காந்தேன் பாய். தெனம் அத்தோடதான் படியேறுவேன். பொழுதுசாய குவியல்லயே வெச்சிருவேன். எட பத்தாதவ, பத்தும்னு உங்கள நம்ப வெச்சு வேல வாங்கிக்கினேன்.”

கய்யூம் அவளையே பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். “செங்கல்லா? அதான் தட்டு அந்த ஓட்டம் ஓடி, ரெண்டு தபா கீழ நட்டிருந்த தடுப்புக் கம்பத்த ஒடச்சுதா? காரணம் தெரியாம மண்டைய ஒடச்சுக்கினேனே.”

பாஞ்சாலிக்கு விளங்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஹமீதுன்னிசாவின் குரல் வந்தது.

“நீ கல்லே கட்டியிருக்க வேணாம்மா. உன் எடைக்கே தட்டு எறங்கணும்னு, தெனம் விடியறதுக்குள்ள நம்ம வீட்டு வெளக்கெண்ணெய எடுத்துட்டுப் போயி அந்தப் பலக பூரா தடவிட்டு வந்தாரு இவரு.”