பழைய ஸ்பிரிங்

அன்றாடம் வேலைக்கு ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் சக்கரமில்லாமல் இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் நிற்கிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் புது சஸ்பென்ஷன் இன்னும் பெட்டியில்தான். அதில் மாட்டப் பழைய ஸ்பிரிங்கின் தலைமூடி வேண்டும். இரண்டு கிளாம்புகளுக்கிடையே நசுங்கி, கோபத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறது ஸ்பிரிங். மெக்கானிக் எதற்கு, நானே மாட்டிவிடுவேன் என்ற வாய் உலர்ந்துபோக, மூடியைப் பிடித்திருக்கும் நட்டில் ஸ்பேனரை வைக்கிறான் கணவன். ஒரு கிளாம்பு ‘டிக்’கென்று நகர்கிறது. “தள்ளி நில்லு. தெறிச்சா மூஞ்சியே போயிடும்.” மனைவி நகரவில்லை. “காலையில இந்தக் கார்லதான் வேலைக்குப் போகணும். பேசாம கழட்டு.” கால் சுற்று, அரைச் சுற்று. மூக்கு நுனியில் வியர்வை தொங்குகிறது. நட்டு கையோடு வந்துவிடுகிறது. மூடி அசையாமல் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. எழப் பார்க்கிறான், கழுத்தை ஏதோ இறுக்குகிறது. தெறித்தால் இழுத்துவிடப் பின்னாலிருந்து அவன் காலரை முறுக்கிப் பிடித்திருக்கும் அவள் கை இன்னும் விடவில்லை.