கழற்றி வைத்த கார்டு

கணவன் மாறன் இறந்த பிறகு, அவனுடைய லினக்ஸ் கணினியை மதிவதனி ஒருமுறை அப்டேட் செய்தாள். அதோடு, இருவரும் சேர்ந்து ஆடிய படகு விளையாட்டு திறக்காமல் போயிற்று. வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து பார்த்த கொழுந்தன் கோபி, திரையில் படம் காட்ட உதவும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“ரொம்பப் பழசு அண்ணி. இதை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் இனிமே வராது. வேற கார்டு வாங்கியாறேன். அதுவரைக்கும் கார்டு இல்லாமலே போட்டோ பாக்கலாம், கேம் மட்டும் ஓடாது.”

அவன் கிளம்பியதும், கல்யாணப் படங்களையாவது பார்க்கலாமென்று அவள் கணினியைப் போட்டாள். விளையாட்டு தானாகத் திறந்தது. மாறன் எப்போதும் தன் ஆளாக எடுக்கும் நீலச்சட்டைக்காரன் படகில் உட்கார்ந்திருந்தான். சற்று நகர்ந்து இடம் விட்டான். மேசைமேல், ஒயர் எதுவும் இல்லாமல், கார்டின் விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

மதிவதனி கோபிக்குப் போன் செய்தாள்.

“வேற கார்டு வேணாம் கோபி. உங்க அண்ணனுக்கு இதுவே போதுமாம்.”