எதிர்த்திசைச் சவாரி

தக்காளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் கேனைத் தூக்கியபடி செபாஸ்டின் ஓடினான். எதிரே கடலூர் ஜனமெல்லாம் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் சுனாமி வரலாம் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள்.

ஓர் ஆட்டோவை மறித்து ஏறினான். "துறைமுகத்துக்கு விடுப்பா!"

டிரைவர் அன்பரசு முறைத்தான். "யோவ், ஊரே வடலூர் பக்கம் ஓடுது. நீ கடலுக்குப் போறியா?"

"முதலாளியோட பாய்மரப் படகு அங்க நிக்குது. சமையல் சாமான் வாங்க நான் கரைக்கு வந்தேன். அவரு சிதம்பரம் கோயிலுக்குப் போயிட்டாரு. படகுல என் சம்சாரம் மட்டும் தனியா இருக்கு."

"அதை மொதல்ல சொல்லக் கூடாதா?"

ஆட்டோ பறந்தது. எதிரே வந்த வண்டிக்காரர்களெல்லாம் திட்டினார்கள்.

துறைமுகத்தில் ஜெயராணி, இன்ஜினைக் கிளப்பிவிட்டுப் படகிலேயே தவித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எறங்கி ஓடியாங்க!" அன்பரசு கத்தினான்.

அவள் இறங்கவில்லை. செபாஸ்டின்தான் படகில் தாவி ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். படகு முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பியது.

"அடப்பாவி! முதலாளி படகைக் காப்பாத்தப் பொண்டாட்டிய சாகடிக்கப் போறியா?"

செபாஸ்டின் திரும்பிக் கத்தினான்.

"போன சுனாமியப்ப நான் நடுக்கடல்ல வலை போட்டுட்டு இருந்தேன்பா. படகு லேசாக்கூட ஆடல. பத்திரமா இருக்கட்டும்னு கரையில விட்டுட்டுப் போன என் ரெண்டு புள்ளைங்கதான் இல்லாமப் போச்சுங்க."