குளிர்நாட்டு வெங்காயம்

மனைவி குசுமா என் தோள்பையைக் கவிழ்த்தாள். மூன்று வெங்காயங்கள் உருண்டன. ஒன்று கட்டிலுக்கடியில் போய் நின்றது.

நான் குனிந்து எடுக்கவில்லை. எடுத்தால் என்னுடையது என்று ஆகிவிடும்.

நாங்கள் ஜைனர்கள். மண்ணுக்கடியில் விளைவது எங்கள் வீட்டுக்குள் வராது. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, மட்டும் எப்படியோ மன்னிப்பு உண்டு.

"வெளியில தின்னுக்கினு இருக்கீங்களா? காலைல எங்கப்பா வர்றாரு, சொல்றேன்."

மேல்சித்தாமூரில் இருக்கும் என் மாமனார் காதுக்குப் போனால் தீர்ந்தது. அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்து இலைக்காரர் என்னை மோந்து பார்ப்பார்.

நான் திண்டிவனத்தில் தாவரவியல் விரிவுரையாளர். குளிர்நாடுகளில் இத்தனை வகைச் செடிகள் எப்படி உண்டாயின என்பது நாளைய பாடம். ஆய்வக உதவியாளர் முருகையன் லீவு. அதனால் வகுப்பில் அறுத்துக் காட்ட வேண்டிய வெங்காயத்தை நானே வாங்கும்படி ஆனது.

அவள் நம்பவில்லை. கரண்டும் இல்லை. வியர்க்க வியர்க்க அவளுக்குப் பனிக்காலத்தை விளக்கினேன்.

ஆதியில் பெரும்பாலும் வெப்பத்தில் வளர்ந்த மரங்கள்தான். பூமி குளிர்ந்தபோது பல குடும்பங்கள் சூடான பக்கமே தங்கிவிட்டன. குளிரைத் தாங்கும் வழி கண்ட சிலதான் அங்கே நிலைத்தன. சில இலையை உதிர்த்தன. சில, மரமாக இருப்பதையே விட்டுச் சிறு செடியாகி, பனியில் மேலே பட்டுப்போய், வெங்காயம்போல உயிரை மண்ணுக்குள் வைத்துக்கொண்டன. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அந்தச் சிலதான் ஆயிரக்கணக்கான வகைகளாகப் பெருகின.

நன்றாகத்தான் சொன்னேன். எனக்கே புல்லரித்தது.

"உயிர ஒளிச்சு வெச்சிக்கினு கெடக்குறத எதுக்குங்க நோண்டி எடுக்கணும்?"

என் பாடமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

உள்ளே ஒளிந்திருக்கும் குருத்தைக் காட்டினால், பாடத்துக்குத்தான் வாங்கினேன் என்று நம்புவாள் எனத் தோன்றியது. பழைய பேப்பரை விரித்து, சவர பிளேடால் வெங்காயத்தின் அடிப்பக்கத்தை அறுத்தேன். கல்லூரியில் முருகையன்தான் வெட்டி வைப்பார். எனக்கு இது முதல் தடவை. கண்ணீர் கொட்டியது. பிளேடு வழுக்கியது. ஒரு தோல்கூட ஒழுங்காக வரவில்லை.

குசுமா கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்க முடியாமல் பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அய்ய, வேர்ப் பக்கத்த கடைசிலதாங்க வெட்டணும். அப்பத்தான் கண்ணு எரியாது."

இன்னொரு வெங்காயத்தை எடுத்து, தோலை ஒரே இழுப்பில் உரித்து, சரிபாதியாக வெட்டி என் முன்னால் வைத்தாள். குருத்து பச்சையாகத் தெரிந்தது.

அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள்.

இதை எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. காலையில் மாமனார் வந்தார். கேப்பைக் களி சாப்பிட்டார், மழையைப் பற்றிப் பேசினார், போய்விட்டார்.