வின்னி சாப்பிடவில்லை

“அம்மா காளானே தொடமாட்டா, சரி. அதே சட்டிக் குழம்புதானே? என் தம்பி உயிருக்கு இழுத்துக்கினு கெடக்கறான். உனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?”

நேசமணியின் குரலுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

தம்பி மனைவி வின்னி தலையைக் குனிந்துகொண்டாள். “நான் சாப்பிடல அண்ணி. அன்னிக்கு உபவாசம்.”

“இன்னா உபவாசமோ!”

பாலகாட் சுரங்கத்துப் பக்கம் மழைக்கு முளைத்திருந்த வெள்ளைக் காளானைப் பறித்து வந்தவன் தம்பி ஏனோக்தான். ராத்திரி சாப்பிட்டான். விடியற்காலையில் வாந்தி, பேதி. ஒரு நாள் சுருண்டு கிடந்தவன், மறுநாள் தெம்பாக எழுந்து பெங்களூர் ரயிலேறி வேலைக்கே போனான். அதற்கடுத்த நாள் கண்ணெல்லாம் மஞ்சள்.

நேசமணிக்கு அதுதான் நெருடியது. தேறினவன் எப்படி மறுபடி விழுவான்? டாக்டரைப் பிடித்துக் கேட்டாள்.

“இந்த விஷம் அப்படித்தாம்மா ஏமாத்தும். வெளியில தேறின மாதிரி இருக்கும். உள்ளே கல்லீரல் செல்லெல்லாம் செத்துக்கிட்டே வரும். ரத்தம் உறையறதுக்கு வேண்டியதைக் கல்லீரல்தான் செய்யணும். அது நின்னுபோச்சு. ஊசி குத்தின இடத்துலகூட ரத்தம் நிக்கமாட்டேங்குது.”

உள்ளே போய்ப் பார்த்தாள். தம்பியின் கையெல்லாம் கருநீலத் திட்டு. ஈறில் கசிந்த ரத்தத்தை வின்னி பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஏனோக் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து ஆண்டர்சன்பேட்டையில் தம்பி வீட்டுக்குள் நுழைந்ததுமே நேசமணி வெடித்தாள்.

“டாக்டர் ஆயிரம் சொல்லட்டும். நான் போலீஸ்ல எழுதிக்குடுக்கத்தான் போறேன். புருசனுக்குப் போட்டுட்டு தான் மட்டும் வாயில வைக்கலன்னா இன்னா அர்த்தம்? தெரிஞ்சேதான் செஞ்சிருக்கா. எம்மா, நீ கெளம்பு. இனிமே இவ கையால ஒரு வாய்ச் சோறு உனக்கு வேணாம்.”

வின்னி “உபவாசம் அண்ணி” என்று மட்டும் மறுபடி முனகினாள்.

சுவரோரம் சாய்ந்திருந்த தாயம்மா, மகன் படுத்ததிலிருந்து வாயே திறக்காதவள், மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“உபவாசமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. சாப்பிடத்தான் உக்காந்தா. எம்புள்ளைக்கே பத்தாதுன்னு அவ தட்டுல இருந்ததையும் வழிச்சு அவனுக்குப் போட்டவ நாந்தான்.”